தண்ணீருக்காக அடித்த மணி

தோழிகளே, சைக்கிள் பயணத்தின் இரண்டாம் நாள். நானும் ரோசியும் அவள் அண்ணனும் வீரபாண்டியன்பட்டணம் வந்து சேர்ந்துவிட்டோம். வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டியதும், தண்ணீர் கேட்க ஒரு வீட்டு வாசலில் ரோசியின் அண்ணன் சைக்கிள் மணியை அடித்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

கதவைத் திறந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகன் பர்மாச் சண்டைக்குப் போயிருக்கிறானாம். அந்தத் தெருவுக்குச் சைக்கிளில் வருகிறவர் தந்திக்காரர் ஒருவர்தான்.

"தந்தி இல்லம்மா, தண்ணிக்குத்தான் வந்தோம்."

"மறைச்சிராதிய. பையைக் கொட்டுங்க."

கொட்டினோம். என் நோட்டிலிருந்து ஒரு தாள் விழுந்தது.

"ஏளா, இதைப் படி."

வழியில் பார்த்த பறவைகளின் பெயர்களை வாசித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. தாளை வாங்கி ரோசியிடம் நீட்டினார்.

"இப்ப நீ படி."

நாங்கள் இருவரும் வாசித்தது ஒன்றாக இருந்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

செம்பு நிறையத் தண்ணீர் தந்துவிட்டு, "திரும்பி வரும்போது தூரத்துலயே சத்தம் குடுத்துட்டு வாங்க, மக்கா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதே வழியாகத் திரும்புகிறோம். பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம் என்கிறாள் ரோசி. அந்த வாசலில் எந்தப் பாட்டைப் பாடுவது? அதற்குள் ஒரு கார்டு போடுங்கள்.