என் மாமனார் மடித்த இலை

எங்கள் உழவர்கரை வீட்டுக் கூடத்தில் என் மாமனார் மடித்து வைத்த வாழையிலை இன்றும் என் கண்முன் கிடக்கிறது. அப்போது அவர் எனக்கு மாமனார் ஆகவில்லை. ஆகாமலே போயிருக்கவும் கூடும். சம்பந்தம் பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகக் கை நனைக்க வந்த நாள் அது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சொல்தா என்பார்கள் எங்கள் ஊரில். இளம் வயதில் கப்பலேறிப் போய், பென்ஷனோடு திரும்பியவர். வீட்டில் இட்லியைக்கூட முள்கரண்டியால் குத்தி, கத்தியால் அறுத்துத்தான் சாப்பிடுவாராம். அதைக் கேள்விப்பட்டு என் அத்தை ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர் கரண்டி கேட்கவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து, ரசம் முழங்கை வரை ஒழுக, கையாலேயே சாப்பிட்டார். சமையலறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பாவமாக இருந்தது. கடைசியில் "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னபடி, தன் பக்கத்து இலைப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டார். துக்க வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தள்ளி வைத்தே பழகிய கை, பாவம், அதற்கென்ன தெரியும்?

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல எழவு வூட்டு எலையா? இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று எழுந்துவிட்டார் அத்தை. அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. அக்கா சொல்லை மீறி அவர் எதுவும் செய்ததில்லை. எனக்கு அழுகை முட்டியது. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, சொல்வதற்கென்ன வெட்கம்.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை தன் அப்பாவின் காதில் விஷயத்தைச் சொன்னார். உடனே அவர் இலையைத் திரும்ப விரித்தார். "நான் இன்னும் சாப்ட்டு முடிக்கல சம்பந்தி. பசிக்குது, சோறு போடுங்க" என்றார். அப்பா சமையலறைக்கு ஓடினார். சாம்பாரிலிருந்து தொடங்கி, முழுச் சாப்பாட்டையும் வியர்க்க வியர்க்க மறுபடி சாப்பிட்டார் அந்த மனிதர். மோர் ஊற்ற அத்தையே வந்தார். பிறகு இலை மாமனார் பக்கமாகவே, முறைப்படி மடிந்தது.

அவர் போய் ஒன்பது வருடமாகிறது. சென்ற வாரம் லாஸ்பேட்டையில் ஒரு வரவேற்பு. எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டு, தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனோம். யார் எப்படிச் சாப்பிட்டார் என்று யாரும் பார்க்கவில்லை. வசதிதான், ஆனாலும் மனம் அந்தக் கூடத்தையே தேடியது.

மாமனார் இருந்தபோது ஒருமுறை அவரிடம் கேட்டேன், "ஏன் மாமா, தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லியிருந்தா போதுமே?"

"மன்னிப்பு கேட்டிருந்தா உங்கப்பா கையைப் பெசஞ்சிக்கினு நின்னிருப்பாரும்மா. பசிக்குதுன்னதும் எப்டி ஓடினாரு பாத்தியா!"