மலைக்குள் இருந்த சிப்புட்

மழை விட்ட காலையில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கால் வைத்தால், செருப்புக்கடியில் நறுக் நறுக்கென்று நத்தை ஓடுகள் நொறுங்கும். புக்கிட் காத்தில் என்ற ஊரில் குன்றை வெட்டிக் கட்டிய வரிசை வீடு எங்களுடையது. வெட்டிய குன்றின் சுவர், ‘லோங்காங்’ என்று நாங்கள் சொல்லும் சாக்கடையை ஒட்டி நின்றது.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் ஆன்ட்டி, உம்பாய் என்ற ஊரில் மாலை நேரத்தில் சாப்பாட்டுக்கடை போடுவார். தேங்காய்ப்பால் விட்டு அவர் சமைக்கும் ‘சிப்புட்’ நத்தைக்குக் கூட்டம் அள்ளும். அம்மா சந்தேகப்பட இது போதாதா?

“முன்னால அக்கா அக்கான்னு குழைவா, பின்னால கடைக் குப்பைய நம்ம லோங்காங்ல கொட்டுவா. எனக்குத் தெரியாதா லா?”

மழை பெய்தால்தானே ஓடு வருகிறது என்று நான் கேட்டால், “மழைச் சத்தத்துல கொட்டுனா யாருக்கும் கேக்காதுல்ல” என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

இதில் அடிபட்டது நான்தான். அம்மா ஃபேக்டரியிலிருந்து திரும்பும்வரை எனக்குச் சோறு போட்டுத் தலை பின்னிவிட்டது ஆன்ட்டி. ஒருநாள் அம்மா தெருவே கேட்கக் கத்த, “சாமி சத்தியமா நான் கொட்டல, அக்கா” என்று அவர் அழுதார். அம்மா நம்பவில்லை. ஆன்ட்டி வீட்டைக் காலி செய்துகொண்டு, கடைக்குப் பக்கத்து ஊரான செர்காமுக்கே போய்விட்டார். அன்று நான் அழுத அழுகை!

அவர் போன பிறகும் ஓடுகள் வந்தன. “ஆள் வச்சு கொட்டுறா” என்றார் அம்மா.

பிறகு ஒரு பெருமழையில் குன்றிலிருந்து பாறை ஒன்று பெயர்ந்து விழுந்தது. அப்புறப்படுத்த வேண்டி அப்பா அதைச் சுத்தியலால் உடைத்தார். உள்ளே அடுக்கடுக்காக அதே நத்தைகள்! எந்தக் காலத்திலோ அங்கே ஆறு ஓடியதாம், அதன் சேறு நத்தைகளோடு இறுகிக் கல்லானதாம், மழை அரிக்கும்போது அந்த ஓடுகள்தான் உதிர்கின்றனவாம். எங்கள் பள்ளி ஆசிரியை வந்து பார்த்துச் சொன்னார்.

“ஐயோ பாவி நான், அவள அழ வச்சுட்டேனே” என்று அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஒரு கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு செர்காமுக்குப் போனோம். ஆன்ட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார்.

“சிமெண்ட்ல வச்சு ஒட்டுனீங்களா, அக்கா? நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க.”

“வந்து பாரு லா, மலையே அப்படித்தான் இருக்கு” என்று அம்மா கெஞ்சினார். ஆன்ட்டி வரவில்லை. கல்லை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினோம்.

இப்போது எனக்கே பிள்ளை இருக்கிறது. குன்று சரியுமென்று அந்தச் சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு ஓடுகூட விழுவதில்லை. போன தீபாவளிக்கு நான் போய் விடாப்பிடியாக அழைத்ததில் ஆன்ட்டி வந்தார். முறுக்கைத் தொடவில்லை. “எங்க அந்த மலை? காட்டுங்க” என்று நேரே பின்புறம் போனார். அம்மா சுவரைக் காட்டினார். ஆன்ட்டி சிமெண்டைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“இதையும் பூசிட்டீங்களா, அக்கா?”