வியாழக்கிழமை வயிற்றுவலி

வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்குச் சிஜி தையல் மெஷினுக்கு உறை போட்டுவிடுவாள். கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டானாலும் பாதியில் கிடக்கும். பாறசாலையில் பத்தொன்பது வருஷமாகத் தைக்கிறாள். அளவு தப்பிப் பிரித்துத் தைத்தது இதுவரை ஒன்றுமில்லை.

சஜுவின் ஆட்டோவில் ஏறினால், தெருவில் கிடப்பவர்களுக்குச் சோறு வாங்க முப்பத்தாறு வீடு. வீட்டுக்குச் சமைக்கும்போதே ஒரு ஆளுக்குக் கூடுதலாகச் சமைத்து, வாழையிலையில் பொதிந்து வைத்திருப்பார்கள். சர்ச்சுக்குப் போகிற வீடும் உண்டு, கோயிலுக்குப் போகிற வீடும் உண்டு. ஒரு காரியத்தில் மட்டும் சிஜி கண்டிப்பு. சம்பா அரிசிச் சோற்றை உதிரியாக வடித்திருக்க வேண்டும், குழம்பு ஊற்றக் கூடாது. துவையலும் பொரித்த மீனும் போதும். ரயில் நிலையச் சாலையிலும் பாலத்தடியிலும் படுத்திருப்பவர்களிடம் போய்ச் சேரப் பகல் ஒரு மணியாகும். அதுவரை கெடாமல் இருக்க அதுதான் வழி. மூன்று வருஷத்தில் ஒரு பொதி கெட்டதில்லை.

அன்றைக்குப் பூட்டிக் கிடந்த கடைக்குப் பின்னால் இரண்டு நாய்கள் வாழையிலையை இழுத்துக்கொண்டிருந்தன. அந்தக் கடையின் வராந்தாவில்தான் மோகனன் இருப்பார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், இப்போது வீடில்லை.

"எக்கா, பார்த்தேளா? நம்ம பொதியாக்கும்," என்றான் சஜு. "பாலத்தடியில நாலு பேரு பொதி கிட்டாம நிக்குதாவ. இவரு இந்த ரெண்டு பட்டிக்கும் ஊட்டுதாரு. லிஸ்டுல இவரு பேர வெட்டிரலாம்."

சிஜி மோகனனிடம் போனாள். "மாமா, சோறு பிடிக்கல்லியா?"

"பட்டிக்கும் பசி உண்டுல்லா," என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டை அவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த வியாழன் வரை பொறு மக்கா," என்றாள் சஜுவிடம். அதற்குமேல் அவனைப் பிடித்துவைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

திங்கட்கிழமை பட்டன் வாங்கப் போனவள், டீக்கடையில் மோகனனைக் கண்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரஸ்க்கை டீயில் முக்கி, அது கரைந்து விழும்வரை காத்திருந்து, மெல்லாமல் விழுங்கினார். வாய் உள்ளே குழிந்திருந்தது. ஒரு பல்கூட இல்லை.

சிஜி பட்டன் வாங்காமலே திரும்பிவிட்டாள். உதிரிச் சோறு, பொரித்த மீன் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தவள் அவள்தான்.

வியாழக்கிழமை அவள் கையில் ஒரு தூக்குப்பாத்திரம் இருந்தது. அவளே குழைய வேகவைத்த கஞ்சி, மசித்த சிறுபயறு. அதை மோகனன் முன்னால் வைத்தாள்.

"எனக்கென்ன சீக்கா, கஞ்சி குடிக்க?" என்று அவர் சீறினார்.

"சீக்கு எனக்காக்கும் மாமா. வயிறு சரியில்லைன்னு அக்கா வச்சுத் தந்தா. கஞ்சியைக் கண்டாலே எனக்குக் கொமட்டுது. திருப்பிக் கொண்டுபோனா ஏசுவா. நீங்க இதக் குடிச்சுத் தாருங்க, உங்க பொதிய நான் எடுத்துக்கிடுதேன்."

மோகனன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயிறு சரியில்லாதவளுக்குப் பொரிச்ச மீனா?"

சிஜி தூக்கை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். ஆட்டோவில் இருந்த சஜு ஹாரனைத் தட்டினான். மோகனன் மூடியைத் திறந்து, சுவர் பக்கம் திரும்பிக் குடிக்கத் தொடங்கினார். கடைசியில் பயற்றை விரலால் வழித்தார்.

அவருடைய பொதியைச் சிஜி ஆட்டோவில் வைத்தாள்.

"அப்போ பேர வெட்டவா?" என்றான் சஜு.

"வெட்டாதே. கஞ்சின்னு எழுது. பொதி பாலத்தடிக்கு."

அடுத்த வியாழக்கிழமை ஆட்டோ நிற்பதற்கு முன்பே மோகனன் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன பிள்ளே, இன்னைக்கும் வயித்துவலியா?"

"ஆமா மாமா," என்று சிஜி தூக்கை நீட்டினாள். "வியாழக்கிழமை வந்தா அப்படியாக்கும்."

"சரி, கொண்டா. உங்க அக்காகிட்டச் சொல்லு, உப்பு கொஞ்சம் கூடட்டும்."