வலிக்கும் இடம்

என் மகளுக்கு ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆட்டிசம் என்ற சொல்லை ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது பல வருடங்கள் கழித்து, எண்பதுகளின் கடைசியில்தான். அதற்கு முன், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாங்களும் மந்திரித்துக் கயிறு கட்டினோம்.

எனக்குத் தேயிலை பாக்டரியில் ராத்திரி வேலை. மனைவி காலையில் கொழுந்து பறிக்கப் போனதும் பிள்ளை என் பொறுப்பு. ஒருநாள் சாயங்காலம் அவளைக் குளிப்பாட்டப் போன மனைவி அலறினாள். பிள்ளையின் உள்ளங்காலில் பெரிய கொப்புளம். அடுப்பிலிருந்து விழுந்த தணலை மிதித்திருக்கிறாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் அழவே இல்லை.

அதன்பின் எனக்குத் தூக்கம் கெட்டது. பாம்பு கடித்தால்? வயிற்றுக்குள் ஏதாவது வந்தால்? இவள் எப்படிச் சொல்வாள்? தினமும் தலை முதல் கால் வரை தடவிப் பார்ப்பேன். பார்த்து முடித்ததும் எதையோ விட்டுவிட்டதாகத் தோன்றும்.

தணலுக்கு அழாதவள், சட்டையில் ஈரம் பட்டால் மட்டும் தாங்க மாட்டாள். கத்துவாள். அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் சட்டைக் கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவேன். கத்தியதும் அவள் விரல்களால் என் கையைப் பிடிக்க வைத்து, ஈரத்தின் மேல் கொண்டுபோய், "இங்கயாம்மா?" என்று கேட்டு உடனே சட்டையை மாற்றுவேன். பிறகு காலரில், முதுகில், முழங்காலில். என் கையெல்லாம் அவளுடைய நகக்கீறல்.

"ஏங்க, இந்தக் குளிர்ல பிள்ளையப் போட்டு வதைக்கிறீங்களே. சளி புடிச்சா என்ன செய்வீங்க?" என்றாள் மனைவி.

"வேற வழி தெரியல லா," என்றேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் அவளே என் கையை இழுத்து, நனைந்த முழங்காலில் வைத்தாள். எனக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை. ஈரத்தைக் காட்டுகிறவள் வலியைக் காட்டுவாளா?

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மனைவி என்னோடு பேசவில்லை. என்னால்தான் வந்தது என்று நானும் நம்பினேன். மூன்றாம் நாள் காலை, பிள்ளை என் கையை இழுத்துக் காதோரம் வைத்தாள். காலரைத் தொட்டேன், காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் சட்டையை மாற்றினேன். அவள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மறுபடியும் என் கையைக் காதில் வைத்து அழுத்தினாள். அப்போதுதான் காதுக்குப் பின்னால் விரல் பட்டது. வீங்கிக் கொதித்தது.

கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு எஸ்டேட் கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள சீழ் கட்டிருச்சு. உடனே கீழ தாப்பா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பேசாத பிள்ளையாச்சே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அவதான் காட்டுனா."

எஸ்டேட் லோரியில் மலையிறங்கினோம். வழியில் ரிங்லெட் ஊரைத் தாண்டியும் பனிமூட்டம் விடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிள்ளை என் கையைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மனைவி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கும் அதச் சொல்லிக் குடுங்க," என்றாள். "நீங்க வேலைக்குப் போனப்புறம் இவ யார் கையப் புடிப்பா?"

பிள்ளை பிழைத்தாள். அந்தக் காது மட்டும் பாதி கேட்காமல் போனது. வீடு திரும்பியதும் மனைவி ஆரம்பித்தாள். பிள்ளை அவள் கையைத் தள்ளிவிட்டு என்னைத் தேடுவாள். அதனால் நான் வெளியே போய் நிற்பேன். உள்ளே கத்தல் கேட்கும். போகக் கூடாது. மாதக்கணக்கில் அப்படி நின்றேன். ஒருநாள் கத்தல் பாதியில் நின்றது. பயந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மகளின் தோளில் மனைவியின் கை இருந்தது. மகள்தான் அதை அங்கே பிடித்து வைத்திருந்தாள்.

எங்கள் இருவர் கையைத் தவிர வேறு யார் கையையும் அவள் பிடிக்கவில்லை. எங்களில் ஒருவருக்குத் தலைவலி வந்தால்கூட எனக்கு முதலில் வருவது, நாங்கள் போனபிறகு இவள் யார் கையைப் பிடிப்பாள் என்ற பயம்தான்.