காக்கைக்குத் தட்டிய டம்ளர்

என் தம்பி ஒரு காக்கையைப் பழக்கினான் என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த டம்ளர் சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். மலைக்கோட்டைக் கடைவீதியில் மளிகை மொத்தக்கடை வைத்திருந்த அப்பா, மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தார். அமாவாசைதோறும் அம்மா படையல் போட்டு, கொல்லை மதிலில் காக்கைக்குச் சோறு வைப்பாள். காக்கை எடுத்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். அன்றைக்கு ஊரெல்லாம் படையல், எங்கள் வீட்டுச் சோறு யாருக்கு வேண்டும்? வந்து உட்காரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், பறந்துவிடும். விளக்கு வைக்கும் நேரம்வரை அம்மா பட்டினி கிடப்பாள். "உங்கப்பாவுக்கு என் மேல கோவம் இன்னும் தீரலை" என்பாள். ஆடி அமாவாசையன்று அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். அப்பாவின் முதல் வருஷத் தலைத் திவசம் நெருங்க நெருங்க, காக்கை அன்றும் எடுக்காவிட்டால் இவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தம்பி அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மணியடித்துவிட்டுச் சாப்பாடு போட்டு வந்தால், கொஞ்ச நாளில் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று பாடம். உடனே எங்கள் வீட்டு நாயிடம் தீப்பெட்டியை ஆட்டி ஆட்டிப் பிஸ்கட் போட ஆரம்பித்தான். அப்புறம் அடுப்புப் பற்றவைக்க யார் தீப்பெட்டியை எடுத்தாலும் அது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றது. எங்களுக்குச் சிரித்து மாளவில்லை.

"காக்காயையும் பழக்கிடலாம்க்கா" என்றான்.

"அப்பாவையே ஏமாத்தப் போறியாடா?"

"அப்பாவை இல்லக்கா, காக்காயைத்தான். அம்மா ஒரு வேளையாவது நேரத்துக்குச் சாப்பிடட்டுமே."

அம்மா காவிரிக்குக் குளிக்கப் போகும் நேரம்தான் கொல்லையில் அவனுக்கு வகுப்பு. தென்னைமர உச்சிவரை கேட்கிற சத்தம் வேண்டும் என்று வீட்டையே புரட்டி, பரணிலிருந்து அப்பாவின் பித்தளை டம்ளரை எடுத்து வந்தான். காரியம் முடிந்த மறுநாளே அம்மா அதைப் பரணில் போட்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல்தான் என்று நினைத்திருந்தோம்.

டம்ளரைச் சாவியால் தட்டுவான், காராபூந்தி போடுவான். சத்தத்துக்குக் காக்கை வரப் பழகியதும், சோற்றைக் கொத்தினால்தான் பூந்தி என்று ஆக்கினான். அவன் பரீட்சையில் எப்படியோ, காக்கை தேறிவிட்டது.

திவசத்தன்று கொல்லை முழுக்கச் சொந்தக்காரர்கள். மதிலில் இலை வைத்தாயிற்று. காக்கை மரத்தைவிட்டு இறங்கவில்லை. அதைப் பார்க்கத் தாளாமல் அம்மா, வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். இதுதான் சமயம் என்று தம்பி துண்டுக்குள்ளிருந்து டம்ளரை எடுத்து ஒரு தட்டு தட்டினான். காக்கை நேராக இலைக்கு இறங்கியது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இதோ வந்துட்டேங்க."

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். கையில் காப்பி. பாதி தளும்பிப் புறங்கையில் வழிந்துகொண்டிருந்தது, அவளுக்குச் சுட்டதாகவே தெரியவில்லை. சத்தம் வந்த இடத்தில் நின்று, தலை நிமிராமல் தம்பியிடம் நீட்டினாள்.

"சூடாத்தாங்க இருக்கு."

அப்பா அந்த டம்ளரை மோதிரத்தால்தான் தட்டுவார். ஒரே தட்டுக்கு அம்மா வந்து நிற்க வேண்டும். இன்னொரு தட்டு தட்ட வைத்தால் டம்ளர் அவள் மேல் பறந்து வரும். பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்ததுதான். பாத்திரம் தேய்ப்பது, கோலம் போடுவது மாதிரி அதையும் வீட்டு வழக்கம் என்றே எண்ணியிருந்தோம். தம்பிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நாய்க்குத் தீப்பெட்டி ஆட்டியவன் அவன்.

அம்மா நிமிர்ந்தாள். தம்பியைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். மதிலில் காக்கை சோறு தின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"ஒரு வருஷமா இந்தச் சத்தம் கேக்காம நிம்மதியா இருந்தேன்டா" என்றாள்.

சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மிச்சமிருந்த காப்பியை அம்மா அங்கேயே நின்றபடி தானே குடித்து முடித்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "எனக்கு இலை போடுடி, பசிக்குது" என்றாள்.