கேக்கோடு வந்த வயது

என் மனைவி ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனிஸ்ட். கல்யாணமான புதிதில் தூக்கத்தில் பேசுவாள். "உங்க ரூம் ரெடியாகக் கொஞ்ச நேரமாகும் சார், அதுவரைக்கும் உட்காருங்க" என்று அட்சரம் பிசகாமல் சொல்வாள். நானும் தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வருஷக்கணக்காகக் கவுண்டரில் நின்றதில் அந்தப் பேச்சு அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு யார் வந்துவிட்டுக் கிளம்பினாலும் கைகூப்பி, ஒரு சிரிப்பு சிரித்து, "மறுபடியும் கண்டிப்பா வரணும்" என்பாள். சாக்கடை அடைப்பு எடுக்க வந்தவருக்கும் அதே வழியனுப்புதல்தான். ஒருமுறை பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும்போது, வாயில் பஞ்சோடு பல் டாக்டரிடமே சொல்லிவிட்டாள். அலுத்துக் களைத்து வந்த நாட்களில் பெற்ற பிள்ளைகளையே "சொல்லுங்க, என்ன வேணும்?" என்று கேட்பாள். "ஒண்ணும் வேணாம், நன்றி மேடம்" என்று இரண்டும் கோரஸாகக் கிண்டல் செய்யும். மூத்தவன் நெட்டை, இளையவள் குட்டி. அவர்களுக்கு நான் வைத்த பெயர்கள் வேறு, நிலைத்தவை இவைதான்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கத்துவதுதான் என் பிழைப்பு. அவள் எனக்கு நேரெதிர். இல்லை என்பதையே சிரித்துக்கொண்டு சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள்.

அவள் அதிகம் இல்லை சொல்ல வேண்டியிருப்பது பிள்ளைகளின் வயது விஷயத்தில்தான். பன்னிரண்டு வயதுக்குள் என்றால் அப்பா அம்மா அறையிலேயே சும்மா படுத்துக்கொள்ளலாம். பதினேழு வரை எக்ஸ்ட்ரா பெட், அதற்குத் தனிக் காசு. பதினெட்டு ஆகிவிட்டால் ஆள் பெரியவர் கணக்கு. ஓர் அறையில் மூன்று பெரியவர்கள் தங்கக்கூடாது. சரி, அவனுக்குத் தனி அறை போட்டுவிடலாம் என்றால், இருபத்தொன்று ஆகாதவனுக்குத் தனி அறை கிடையாது. முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப பதினெட்டு வயசுப் பையனை என்னதான் பண்ணச் சொல்றே? அப்பா ரூம்ல இருக்க அவன் பெரியவன். தனியா இருக்க அவன் சின்னப் பையன். வராண்டாவுல தொங்கவிடலாமா?"

"ரூல் அப்படித்தாங்க. என்கிட்ட ஏன் கத்தறீங்க? நானா போட்டேன்?"

ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மீசை அரும்பிய தடியனைக் காட்டிப் பதினொன்று என்பார்களாம். ஓர் அம்மா பேசி முடிக்கும்வரை மகன் தலையில் கை வைத்து அழுத்திக்கொண்டே நின்றாளாம், அவன் கொஞ்சம் குள்ளமாகத் தெரிவானென்று. இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் நடித்துக்காட்டுவாள். எங்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

ஆனால் எங்கள் பிள்ளைகளை அவள் ஒருமுறைகூட ஓர் ஊருக்கு அழைத்துப் போனதில்லை. எப்படிப் போவது? பள்ளிக்கூட லீவு எப்போதோ அப்போதுதான் ஹோட்டலில் சீசன். ஊரார் பிள்ளைகள் எல்லாம் பெட்டியோடு வந்து இறங்குகிற நேரத்தில் இவளுக்கு ஏது லீவு? அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே தள்ளிப்போனது. சும்மா படுத்துக்கொள்கிற வயதைக் கடந்து, எக்ஸ்ட்ரா பெட் வயதுக்கு இரண்டும் வந்து சேர்ந்தன. அவள் யாரையும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் நெட்டைக்குக் கப்பல் வேலைக்கான பயிற்சியில் இடம் கிடைத்தது. பயிற்சி முடிந்தால் நேரே கப்பல். அப்புறம் எந்தக் கடலில் இருப்பானோ யார் கண்டது. அன்றைக்குத்தான் அவள் மேனேஜர் அறைக்குள் போய், சீசன் நேரத்தில் லீவு வேண்டும் என்று முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டாள்.

"நாலு பேரும் ஒரே ரூம்ல படுத்து, ஒண்ணா எந்திரிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றாள் என்னிடம்.

இது பெரிய ஆசையா என்று தோன்றலாம். அவளுக்கு ஒரு வாரம் பகல் டூட்டி, ஒரு வாரம் ராத்திரி டூட்டி. எனக்கோ விடியுமுன் வகுப்பு. நாங்கள் நால்வரும் ஒன்றாகக் கண்விழித்த காலை எங்கள் வீட்டில் இருந்ததாக நினைவில்லை.

பயிற்சி விடுதி ஒரு துறைமுக ஊரில். அதற்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் ஐந்து நாள் தங்கிவிட்டு, அவனை அப்படியே விடுதியில் கொண்டுபோய் விடுவதாகத் திட்டம். அவன் பெட்டியையும் காரிலேயே ஏற்றிக்கொண்டோம். இடையில் அவன் பிறந்தநாள் வந்தது, பதினெட்டு முடிகிற பிறந்தநாள்.

"வந்து இறங்குற தேதியில என்ன வயசோ அதுதாங்க கணக்கு. அன்னிக்கு அவனுக்குப் பதினேழுதான். ஒரே ரூம் போதும்" என்று தெம்பாகச் சொன்னாள். தொழில் தெரிந்தவள் சொன்னால் நான் ஏன் மறுக்கப் போகிறேன்?

முதல் இரண்டு நாள், நான் இதுவரை பார்த்திராத ஆள்போல் இருந்தாள். துண்டை நனைத்துத் தரையில் போட்டாள். காபி கொண்டுவரச் சொல்லி ஆறவிட்டாள். விடிந்ததும் விழித்தாலும் எழுந்திருக்காமல், மூன்று பேரும் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். நெட்டையின் கால் எக்ஸ்ட்ரா பெட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "எம்மாம் பெரிய பாதம் பாருங்க" என்று கிசுகிசுத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறென்ன சொல்ல?

மூன்றாம் நாள் காலை கதவைத் தட்டினார்கள். ரூம் சர்வீஸ் பையன் தட்டில் ஒரு கேக் வைத்திருந்தான். மேலே க்ரீமில் பதினெட்டு என்று எழுதியிருந்தது. குட்டி கைதட்டினாள், நெட்டை விரலால் க்ரீமை வழித்து நக்கினான். என் மனைவி முகம் மட்டும் வெளுத்துப்போனது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வந்து இறங்கும்போது கொடுக்கிற அடையாள அட்டையைப் பார்த்து, அன்றன்று யாருக்குப் பிறந்தநாள் என்று கவுண்டரில் பட்டியல் எடுப்பார்கள். அந்த அறைக்குக் கேக் போகும். அவள் ஹோட்டலில் அதை எடுப்பவளே அவள்தான். ஊரான் பிள்ளைகளுக்குக் கேக் அனுப்பியே பழகியவளுக்கு, தன் பிள்ளைக்கும் ஒன்று வரும் என்று தோன்றவேயில்லை.

"பிறந்தநாள் பார்த்துக் கேக் அனுப்பறவளுக்கு வயசும் கண்ணுல படும்" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அறை போன் அடித்தது. கொஞ்சம் கீழே வர முடியுமா மேடம் என்றார்கள்.

கவுண்டரில் இருந்தது ஒரு சின்னப் பெண். முதலில் வாழ்த்துச் சொன்னாள். பிறகு, தங்கள் ஹோட்டலில் ஒவ்வொரு இரவுக்கும் அன்றைய வயதுதான் கணக்கு என்றாள். என் மனைவியின் ஹோட்டல் வழக்கம் வேறு, அங்கே வழக்கம் வேறு. எல்லா ஹோட்டலும் தன் ஹோட்டல் மாதிரி என்று நினைத்துவிட்டாள்.

"இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து ரூம்ல மூணு பெரியவங்க ஆகறாங்க மேடம். அது முடியாது. உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது."

அந்தப் பெண் பேசப் பேச என் மனைவியின் உதடும் கூடவே அசைந்தது. அடுத்த வரி என்னவென்று அவளுக்குத் தெரியும். அவளே எத்தனை பேருக்குச் சொன்ன வரி அது.

சீசன், வேறு அறை இல்லை. ஊரில் வேறு ஹோட்டலும் காலி இல்லை. என் மனைவி அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் போன் போட்டுப் பார்த்தாள். காலியாக இருந்தது மேல்மாடியில் பெரிய சூட் ஒன்றுதான். அதன் வாடகையில் எங்கள் ஸ்கூல் காருக்கு நான்கு டயரும் மாற்றலாம்.

நான் கத்த வாயெடுத்தேன். "சும்மா இருங்க" என்று கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் இழுத்துப் போனாள்.

"இவன் பாட்டுக்குப் பின்பக்கமா வந்து படுத்துக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"நாளைக்கு யாராவது பார்த்தா அந்தப் பொண்ணு வேலை போயிடும். எங்க ஹோட்டல்ல ஒருத்திக்குப் போச்சு."

"அப்ப நான் கார்ல படுத்துக்கறேன். நீ, அவன், குட்டி. ரெண்டு பெரியவங்கதானே?"

"உங்க முதுகு தாங்குமா? நேத்துதான் குனிய முடியலைன்னீங்க."

"முதுகு கிடக்கட்டும்."

அவள் கவுண்டரைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் அங்கே போனாள். கவுண்டர் அவள் மார்பு உயரத்துக்கு இருந்தது. இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"நானும் இதே வேலைதாம்மா. ரூல் எனக்குத் தெரியும். இருந்தாலும் ரெண்டே ரெண்டு ராத்திரி..." அதற்குமேல் அவளுக்குப் பேச வரவில்லை. சிரிக்கப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. இப்படி ஒருத்தரிடம் கெஞ்சி நின்று நான் அவளைப் பார்த்ததில்லை.

நெட்டை எப்போது கீழே வந்தானோ தெரியாது. லிஃப்ட் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "நான் காலி பண்றேன். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றான்.

"டேய், பெரியவங்க பேசிட்டிருக்கோம்" என்றேன்.

"நானும் பெரியவன்தாம்பா. அதானே பிரச்சினையே."

அந்தப் பெண் தயங்கி எங்களைப் பார்த்தாள். பதினெட்டு ஆனவன் அறைப் பதிவிலிருந்து தன் பெயரைத் தானே எடுத்துவிடலாம், யாரும் தடுக்க முடியாது. விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டுவிட்டான். விடுதி திறந்தாகிவிட்டதாம், முந்தின நாளே போன் செய்து கேட்டு வைத்திருக்கிறான். மதியம் ஒரு பஸ் இருக்கிறதாம். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, நீங்கள் மூவரும் கட்டின காசுக்கு இருந்துவிட்டு வாருங்கள் என்றுவிட்டான்.

"ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்றாள் அவள்.

"நீ அங்க நின்னு கெஞ்சறதை என்னால பார்க்க முடியலைம்மா. ரெண்டு நாள்தானே."

"ரெண்டு நாள்தான்னு நீ சொல்றே" என்றாள்.

மேலே போய் அவன் துணிகளை மடித்துக்கொடுத்தாள். அதற்குள்ளேயே ஓர் ஆள் வந்து நெட்டையின் எக்ஸ்ட்ரா பெட்டை மடக்கி உருட்டிக்கொண்டு போனான். குட்டி அவனிடம் சண்டைக்குப் போனாள். "விடு குட்டி, அவங்க வேலை அது" என்று என் மனைவியே வழிவிட்டு நின்றாள்.

பஸ் ஸ்டாண்டில் வெயில் கொளுத்தியது. நான் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, இல்லாத ஊர்க்கதையெல்லாம் கண்டக்டரிடம் கத்திப் பேசிக்கொண்டிருந்தேன். குட்டி மீதிக் கேக்கைப் பொட்டலம் கட்டி அவன் மடியில் வைத்தாள். என் மனைவி ஜன்னலுக்குக் கீழே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஓர் அம்மா சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அவள் அதில் எதையும் தொடங்குமுன் டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

அவள் நிமிர்ந்தாள். இரண்டு கையையும் கூப்பினாள். கவுண்டரில் சிரிக்கிற அந்தச் சிரிப்பு முகத்தில் தானாக வந்தது.

"மறுபடியும் கண்டிப்பா வரணும்" என்றாள் மகனிடம்.

நன்றி மேடம் என்று கிண்டல் செய்வான் என்று நினைத்தேன். குட்டிகூட அதற்காக அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கூப்பியிருந்த அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"வர்றேம்மா" என்றான்.

பஸ் நகர்ந்தது. கை விடுபட்ட பிறகும் அவள் கூப்பியபடியே நின்றாள், என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்ததுபோல.