தவில்காரரின் காலும் என் காலும்

சில கிழமைகளாகப் பத்திரிகையின் இந்தப் பத்தியில் என்னைத் தேடியவர்களுக்கு நன்றி. தேடாதவர்களுக்கும் நன்றி. அவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அதுவும் நான் செய்த ஒரு சேவைதானே?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, முதன்முதலாக வாசல் படலை வரை நடந்துபார்த்த அன்று, ஒரு வாசகர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன மாஸ்டர், எழுதிறதை விட்டிட்டியளோ?"

"எங்கை விட்டது? இடது காலாலை வந்த கரைச்சல்..."

"அப்ப இவ்வளவு நாளும் காலாலையோ எழுதினனீங்கள்?"

கேட்டுவிட்டு அவர் சிரிக்கக்கூட இல்லை. நீண்டகாலச் சந்தேகம் ஒன்று தீர்ந்த முகத்தோடு போய்விட்டார்!

சரி, அந்தக் காலின் கதையைச் சொல்கிறேன். அதற்கு முதலில் நீங்கள் என்னோடு ஒரு கலியாண வீட்டுக்கு வரவேண்டும்.

சண்டிலிப்பாயில், என் மனைவி பூமணியின் வழியில் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கலியாணம். காலை முகூர்த்தம். மாப்பிள்ளையின் கார் வழியில் சில்லுக்குக் காற்றுப்போய் நின்றுவிட்டதாம். பந்தலில் எல்லோருக்கும் அவகாசம். மேளக்காரருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

தவில் வாசிக்க வந்தவர் பண்டத்தரிப்புப் பக்கத்து வைத்திலிங்கம் அண்ணை. ஐம்பது தாண்டியவர். சிறுகச் சிறுகத் தொடங்கி, பிறகு பந்தலையே தூக்கிக்கொண்டு போவது போல வாசிக்கிற கை. அன்று பார்த்தால், வாசிப்பு நின்ற நேரமெல்லாம் அவர் பந்தலுக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டேயிருந்தார். மற்றவர்கள் பாயில் சாய்ந்து கிடக்க, இவருக்கு மட்டும் என்ன அவசரம்?

"இருங்கோவன் அண்ணை" என்றேன், பக்கத்துக் கதிரையைக் காட்டி. நான் செய்த புண்ணியம் அது.

"இருந்துதான் மாஸ்டர் கெட்டனான்" என்றார். வேட்டியை முழங்கால் வரை தூக்கி இடது காலைக் காட்டினார். கலியாண வீட்டில் அந்தக் காட்சியை நான் எதிர்பார்க்கவில்லை.

"திருவிழாக் காலம் மாஸ்டர். ஒவ்வொரு கோயிலா வாசிப்பு. காலை மடிச்சுச் சம்மாணம் கொட்டினபடியே மணிக்கணக்கா இருப்பம். பேந்து அப்பிடியே வானிலை ஏறி மன்னாருக்குப் போய், அங்கையும் இருந்து வாசிச்சு, திரும்பி வந்தால் இந்தக் கெண்டைக்கால் நோகுது. நரம்பு பிசகினது எண்டு நினைச்சன். மனுசியின்ரை தம்பி நல்லெண்ணெய் காய்ச்சி, நல்லா உரஞ்சி விட்டான். உரஞ்ச உரஞ்ச, அப்பா, என்ன சுகம்! அந்தச் சுகம்தான் மாஸ்டர் மோசம்."

"ஏன்?"

"உள்ளுக்கை ரத்தம் உறைஞ்சு கட்டியா நிண்டிருக்கு. உரஞ்சினதிலை அது கிளம்பி மேலை போயிட்டுது. நெஞ்சிலை ஆரோ என்ரை தவிலையே தூக்கி வைச்ச மாதிரி. மூச்சு எடுக்க ஏலாது. இருமினால் ரத்தம். ஆஸ்பத்திரியிலை தப்பினது தெய்வச் செயல். டொக்டர் என்ன சொன்னவர் தெரியுமோ? ரெண்டு காலும் வீங்கினால் அது வேறை கதை. ஒரு கால் மட்டும் வீங்கி, சுட்டு, கெண்டையிலை நொந்தால் கை வைக்கப்படாது. உடனை வரவேணும். இருக்கிற தொழில் எண்டால் அடிக்கடி எழும்பி நடக்கவேணும். அதுதான் நடக்கிறன்."

வைத்திலிங்கம் அண்ணை எதைச் சொன்னாலும் விரல்கள் சும்மா இருப்பதில்லை. கட்டி காலிலிருந்து நெஞ்சுக்கு ஏறிய பயணத்தை என் கதிரையின் கைப்பிடியில் தாளமாகவே வாசித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மூச்சு முட்டியது.

பெண்ணின் தாய்மாமனார் ஓடிவந்தார். "அண்ணை, மங்களமான இடத்திலை உதென்ன கதை? ரத்தம், நெஞ்சு எண்டு... விடுங்கோ பாப்பம்!"

வைத்திலிங்கம் அண்ணையின் முகம் சுருங்கிவிட்டது. வேட்டியை இறக்கிக்கொண்டு போய்த் தவிலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். நான் வடையைத் தேடிப் போனேன்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆவணியில் ஓர் அலுவலாகக் கொழும்புக்குப் போய், பகல் ரெயிலில் திரும்பினேன். விடுமுறைக் கூட்டம். எப்படியோ யன்னலோரத்தில் ஓர் இடம் பிடித்துவிட்டேன். எதிரே இருந்த குடும்பம் என் காலடியில் இரண்டு பிலாப்பழங்களை வைத்துவிட்டது. காலை நீட்ட வழியில்லை. எழும்பலாமா? எழும்பினால் இடம் போய்விடும்! என்னைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒரு மனிதர் அதற்காகவே கொழும்பிலிருந்து காத்திருந்தார். நானும் விடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மடக்கிய கால் மடக்கியபடி, அரியணையைக் காப்பவன் போல யாழ்ப்பாணம் வரை வந்து சேர்ந்தேன்.

வெற்றியோடு இறங்கினேன். இறங்கும்போதே இடது கால் மரத்திருந்தது. வீட்டுக்கு வந்தும் சும்மா இருந்தேனா? பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடந்தன. மேசையை விட்டு எழும்பாமல் திருத்தினேன்.

ஒரு காலை, கட்டிலிலிருந்து இறங்கிக் கால் ஊன்றியதும் கெண்டையைப் பிடித்து யாரோ முறுக்குவது போல நோ.

பூமணியின் தம்பி துரை அன்று சண்டிலிப்பாயிலிருந்து வெண்டிக்காயும் கத்தரிக்காயும் கொண்டு வந்திருந்தான். தோட்டம் செய்கிற பிள்ளை. மண்வெட்டி பிடித்த கை. ஊரில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அக்காவின் புருசனுக்கு ஒரு நோ என்றால் விடுவானா?

"அத்தான், உது ரெயிலிலை மடங்கியிருந்த பிடிப்பு. ஒரு உரஞ்சு உரஞ்சினால் பின்னேரம் பந்தடிப்பியள். அக்கா, எண்ணெயைச் சுட வைச்சுத் தாங்கோ."

எண்ணெய் வந்தது. நல்ல வாசம். துரை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் மினுங்கியது. நானும் காலை நீட்டினேன்... அப்போதுதான் பார்த்தேன். இடது கெண்டை மட்டும் பளபளவென்று வீங்கியிருந்தது.

எங்கிருந்தோ அந்தக் குரல் கேட்டது. அந்தச் சுகம்தான் மாஸ்டர் மோசம்.

"தொடாதை!" என்று கத்தினேன்.

துரை பின்னுக்கு விழப் பார்த்தான். பூமணி குசினியிலிருந்து ஓடிவந்தாள். "என்னப்பா இது? அவன் உங்களைக் கொல்லவே வந்தவன்?"

"அவன் கொல்ல வரேல்லை. ஆனால் கொல்லத்தான் போறான்!"

மூச்சுவிடாமல் வைத்திலிங்கம் அண்ணையின் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது விசர்க்கதை போலத் தோன்றியது. கலியாண வீட்டில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன் உண்டா? துரையின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எண்ணெய்க் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மேளக்காரர் சொன்னதுக்கு ஆஸ்பத்திரிக்கே? உதைக் கேட்டால் சனம் சிரிக்கும்" என்றான்.

பூமணி குனிந்து என் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். புறங்கையால் மெல்லத் தொட்டாள். முதலில் வலது, பிறகு இடது.

"இஞ்சாருங்கோ, உந்தக் கால் கொதிக்குது. உது உங்கடை கால் மாதிரியே இல்லை." நிமிர்ந்தாள். "துரை, கையைக் கழுவிப்போட்டு ஓடிப்போய்க் காரைப் பிடி. சிரிக்கிற சனம் சிரிக்கட்டும்."

சந்தியிலிருந்த பழைய ஒஸ்ரின் காரில் பின் இருக்கை முழுவதும் நான். என் கால் பூமணியின் மடியில். ஒவ்வொரு குழிக்கும் அவள் சாரதியை ஏசினாள். அந்த மனிதர் பிரசவத்துக்குப் பெண்களை ஏற்றிப்போய்ப் பழகியவர். பழக்கத்தில், "பயப்பிடாதையுங்கோ, எல்லாம் சுகமாப் பிறக்கும்" என்று சொல்லிவிட்டார்! அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பூமணிக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அளவு நாடாவால் இரண்டு கெண்டைகளையும் சுற்றி அளந்தார். அளந்தவரின் முகம் மாறியது.

"எண்ணெய் போட்டு உரஞ்சினீங்களோ?"

"இல்லை டொக்டர். உரஞ்ச விடேல்லை."

"நல்ல காலம். ஆர் சொன்னது?"

"தவில் வாசிக்கிற ஒராள்."

ஊசியை ஆயத்தம் செய்துகொண்டிருந்த நேர்ஸ் அம்மா திரும்பிப் பார்த்தார். "ஆர், வைத்திலிங்கத்தாரோ? மனுசன் இந்த வார்ட்டிலைதான் கிடந்தவர். மூச்சு வந்த உடனை தலையணையிலை தாளம் போடத் தொடங்கிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் தங்களை வேறை வார்ட்டுக்கு மாத்தச் சொல்லி ஒரே அழுகை!"

இரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள். காலை உயர்த்தி வைத்து, கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார்கள். அவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தபடி படுத்திருந்தேன்.

மறுநாள் காலை, மூச்சை உள்ளே இழுத்தபோது வலது விலாவில் கத்தியால் குத்தியது போல ஒரு நோ.

இன்னொரு முறை இழுத்தேன். இன்னொரு குத்து. மூச்சுவிடுவது என்ற சாதாரண வேலை திடீரென்று பெரிய வேலையாகிவிட்டது. டொக்டர் வந்தார். குழாயை வைத்துக் கேட்டார். படம் எடுத்தார்கள். மீண்டும் ஊசி. பூமணி கட்டிலருகே தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த சுளையை எனக்குத் தரவும் மறந்து, கையில் பிடித்தபடியே இருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் குத்து தணிந்தது. டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டியிலை ஒரு சின்னத் துண்டு உடைஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கு. மருந்து முதலே ஏறினபடியால் மிச்சம் வளராமல் நிண்டிட்டுது."

"நேற்று நான் வராமல் விட்டிருந்தால், டொக்டர்?"

"இண்டைக்கு இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க மாட்டியள் மாஸ்டர்."

பின்னேரம் துரை வந்தான். கட்டில் காலடியில் நின்றான். கிட்ட வரவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான், ஏதோ அந்தக் கைகள் குற்றம் செய்ததைப் போல.

"அத்தான்... நான் உரஞ்சியிருந்தால்?" கண் கலங்கிவிட்டது.

"நீ உரஞ்சேல்லைத்தானே! காரைப் பிடிச்சது ஆர்? நீ. இஞ்சாலை வா."

வந்து என் கையைப் பிடித்தான். அந்தக் கையில் எவ்வளவு பலம்! சுளுக்குக்கு அவனிடம் போகிறவர்கள் தொடர்ந்து போகலாம். ஆனால் இப்போது அவன் முதலில் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறானாம். சந்தேகம் என்றால் எண்ணெயைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குத் துரத்துகிறானாம்.

மருந்துக் குளிசையோடும் அறிவுரையோடும் வீட்டுக்கு விட்டார்கள். வெளியே போகலாம் என்று சொன்னதும் நான் முதலில் போன இடம் பண்டத்தரிப்பு.

வைத்திலிங்கம் அண்ணை முற்றத்தில் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். மனைவி பவளம் அக்கா கதிரை கொண்டுவந்து போட்டார். நடந்ததை நான் சொன்னேன். வாரைப் பிடித்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"உங்கடை கதை இல்லாட்டில் நான் இல்லை அண்ணை" என்றேன்.

அவர் பவளம் அக்காவைப் பார்த்தார். பவளம் அக்கா நிலத்தைப் பார்த்தார்.

விசயம் இதுதான். அந்தக் கலியாண வீட்டில் தாய்மாமனார் ஏசிய செய்தி வீடு வரை வந்திருக்கிறது. 'நோய் வருத்தக் கதை சொல்கிற மேளம் வேண்டாம்' என்று இன்னும் யாரோ சொன்னார்களாம். நாதஸ்வரம் வாசிக்கிற மகனுக்கு வெட்கம். பவளம் அக்கா புருசனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனி ஒருவருக்கும் அந்தக் கதையைச் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து அண்ணை வாய் திறப்பதில்லை. கடைசியாக அவர் சொன்ன ஆள் நான்தான்.

நினைத்துப் பார்க்கிறேன். மாப்பிள்ளையின் காருக்குக் காற்றுப்போகாமல் இருந்திருந்தால்?

பிறகு பவளம் அக்கா என்னிடம் கேட்டார்.

"தம்பி, உங்களுக்குப் பிள்ளையள் எத்தினை?"

"மூண்டு அக்கா. மூத்தவள் இப்பதான் பத்தாம் வகுப்பு."

அவர் தலையாட்டினார். புருசனின் பக்கம் திரும்பினார். "இஞ்சாருங்கோ, நான் கோயிலிலை சொல்லுறன். சத்தியத்தை நான்தானே வாங்கினனான், நானே திருப்பிக் குடுக்கிறன். நீங்கள் போற இடமெல்லாம் சொல்லுங்கோ. ஆர் ஏசினாலும் சொல்லுங்கோ."

அண்ணை தவிலை மடியில் எடுத்து வைத்து, வாசிப்பை முடித்துவைக்கிற ஒரு சின்னத் தீர்மானம் வாசித்தார். அவ்வளவுதான்.

நாங்கள் விசித்திரமான சனம். பக்கத்து வீட்டு வேலி எத்தனை அங்குலம் நகர்ந்தது என்பதை ஊர் முழுக்கச் சொல்வோம். மகன் சோதனையில் எடுத்த புள்ளிகளைப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வோம். உடம்புக்கு ஒன்று என்றால் மட்டும் கதவைச் சாத்திவிட்டு, 'கொஞ்சம் சுகமில்லை' என்கிறோம். ஏன்? பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் தட்டிப்போகுமாம். மரியாதை குறையுமாம். நல்ல காரியத்தில் கதைக்கக்கூடாதாம். ஆனால் உயிரோடு இருக்கிறவர்கள்தானே நல்ல காரியத்துக்கு வரவேண்டும்?

ஆகவே வாசகர்களே, உங்கள் உடம்பின் வருத்தத்தைப் பற்றித் தாராளமாகக் கதையுங்கள். கேட்கிறவர் கொட்டாவி விட்டாலும் பரவாயில்லை — கொட்டாவி விடவும் மூச்சு வேண்டும்!